பூட்டின் கைரேகை

அந்த ஆயுத பூஜை அன்று ஆபீசில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. வெள்ளை வேட்டி, தோளில் பட்டுத் துண்டு, நெற்றியில் புது நாமம்.

கம்ப்யூட்டர் பார்க்கும் பெண். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். அவர்கள் இருவரும் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆபீசில் பெரும்பாலும் தமிழ்தான்.

சாயப்பட்டறைக்காரர். அவனியாபுரத்திலிருந்து வந்திருந்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் நகக்கண்ணில் நீலம் போகாது.

பாய். கோரிப்பாளையத்தில் பேக்கிங்கும் கப்பல் புக்கிங்கும் பார்ப்பவர். வருஷம் தவறாமல் எங்கள் ஆயுத பூஜைக்கு வருவார். பொரிகடலை அவருக்குத் தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்போம்.

ஐந்தாவது நான்.

முனிச்சாலைப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். சுங்குடித் துணியில் மேஜை விரிப்பு, கழுத்துத் துண்டு என்று செய்து ஹாலந்துக்கு அனுப்பும் கம்பெனி. நான் அலங்காநல்லூர் பக்கம். எட்டாவது வரை போனேன். அந்தக் கம்பெனியில் என் வேலைக்குப் பெயர் கிடையாது. பூட்டுத் திறப்பேன், துணி எண்ணுவேன், டீ வாங்குவேன், காகிதம் கொண்டுபோவேன். காகிதம் கொண்டுபோவதுதான் முக்கியமான வேலை. ஹாலந்திலிருந்து டிசைன் வரும். எந்தப் புள்ளி எங்கே, எந்தக் கலர் எதற்குப் பக்கத்தில் என்று அதில் இருக்கும். பட்டறையில் கம்ப்யூட்டர் கிடையாது. அச்செடுத்த தாளைக் கவரில் போட்டு நான்தான் டிவிஎஸ் வண்டியில் அவனியாபுரம் கொண்டுபோவேன்.

அந்தப் பூஜைக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒன்று நடந்தது. எங்கள் டிசைன், எங்கள் கப்பல் போவதற்கு முன்னாலேயே வேறொரு கம்பெனியின் சாம்பிள் புத்தகத்தில் வந்துவிட்டது. அதே புள்ளி, அதே கலர். ஹாலந்தில் எங்கள் துணியை வாங்கும் அம்மா போனில் கத்தியது எனக்கு வராந்தா வரை கேட்டது.

அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கவர எங்கயாச்சும் வச்சுட்டு டீ குடிக்கப் போனியா?"

"இல்ல மொதலாளி."

வில்லாபுரத்தில் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். அது உண்மை. கவர் மடியில் இருந்தது. அதுவும் உண்மை. வைத்துவிட்டுப் போனாயா என்றுதான் கேட்டார். இல்லை என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்புறம் கேட்கவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து கவருக்கு அரக்கு வைத்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, அரக்கை உருக்கி, தன் மோதிரத்தால் அழுத்துவார். கவரின் மேல் எத்தனை தாள் என்று எழுதுவார். பட்டறைக்காரர் அரக்கை உடைத்து, என் எதிரிலேயே தாளை எண்ணி, போனில் சொல்ல வேண்டும். "பதினாலு இருக்கு. சரியா இருக்கு." அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் வண்டியைத் திருப்பவேண்டும்.

சாயப்பட்டறைக்காரருக்கே அது பிடிக்கவில்லை.

"ஏன் மாப்ள, ஒம்பது வருசமா வார. இன்னைக்கு என்ன புதுசா சீலு?"

"மொதலாளி சொன்னாரு."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல."

கேட்டு என்ன ஆகப்போகிறது. எடுக்கவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் எடுக்கவில்லை என்பதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. வேறு வேலை தேடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். போனால் எடுத்தவன் போய்விட்டான் என்பார்கள். இருந்தேன்.

அடுத்த சீசனுக்கு ஹாலந்து அம்மாவே நேரில் வந்தார். உயரமான அம்மா. காட்டன் சேலை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பையில் ஒரு சிடி. கம்ப்யூட்டர் பெண்ணை உட்கார வைத்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். இனிமேல் கடிதம் எல்லாம் பூட்டித்தான் வரும், பூட்டித்தான் போகவேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் அதை எங்களுக்குச் சொன்ன விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. துணி மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னாள்.

"இப்ப நாம அனுப்புற மெயில் இருக்குல்ல, அது போஸ்ட் கார்டு மாதிரிண்ணே. போற வழியில யாரு வேணும்னாலும் படிக்கலாம். பாய் கடைக்குப் போறதும் அப்படித்தான்."

"கவருல போட முடியாதா?"

"அதத்தான் இப்பச் செய்யப்போறோம். நமக்குன்னு ஒரு பூட்டு. அதுக்கு ஒரே ஒரு சாவி. பூட்ட எல்லாருக்கும் குடுத்துரலாம். அந்தம்மாவுக்கு ஒண்ணு, பாய்க்கு ஒண்ணு. நமக்கு எழுதறப்ப அவங்க நம்ம பூட்டப் போட்டு அமுக்கி அனுப்பிருவாங்க. பூட்ட சாவி வேண்டாம். தொறக்கத்தான் வேணும். அது நம்மகிட்ட மட்டுந்தான்."

"நாம அவங்களுக்கு எழுதுனா?"

"அவங்க பூட்டு நம்மகிட்ட இருக்கும்ணே. அம்புட்டுத்தான்."

முதலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே நின்றார். போஸ்ட் கார்டு என்று அவள் சொன்னபோது என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வழியில் படித்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. கவரிலிருந்து போயிருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் அன்று தெரிந்தது. ஆனாலும் அரக்கு நிற்கவில்லை. பழக்கமாகிவிட்டது போல.

அந்தம்மா போவதற்கு முன் ஒரு ஏற்பாடு செய்தார். வேலையை மூன்று பேருக்குப் பிரித்தார். சாவி ஒரு பிளாப்பியில் இருக்கும். அது முதலாளியின் இரும்புப் பெட்டியில். அதைத் திறக்க நீளமாக ஒரு ரகசிய வாசகம் அடிக்க வேண்டும். முதல் பாதி முதலாளிக்குத் தெரியும், பின்பாதி அந்தப் பெண்ணுக்குத் தெரியும். மூன்றாவது ஆள், பூட்டின் கைரேகையை வாயால் சொல்லவேண்டியவன்.

கைரேகை என்றால் பூட்டின் அடையாளம். நாற்பது எழுத்து. நாலு நாலாகப் பத்துக் கட்டு. யாராவது நடுவில் புகுந்து, இதுதான் அந்தக் கம்பெனியின் பூட்டு என்று தன் பூட்டைக் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் கடிதத்தை அவன் திறந்துகொள்வான். அதனால் பூட்டை மெயிலில் வாங்கியவர்கள் அதன் கைரேகையைத் தெரிந்த குரலில் கேட்டுச் சரிபார்க்கவேண்டும்.

அந்தக் குரல் யாருடையது என்ற பேச்சு வந்தபோது நான் கையில் துணிக் கட்டோடு வாசலில் நின்றேன். பட்டறைக்கும் பேக்கிங்குக்கும் இரண்டு நாளாக அந்தம்மாவை நான்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போயிருந்தேன். அவர் என் பக்கம் விரலைக் காட்டினார்.

முதலாளியின் முகம் மாறியது. வீட்டுப் பாஷையில் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"அது ரகசியம் இல்ல சார். ஊருக்கே தெரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

முதலாளி சரி என்று தலையாட்டினார்.

நான் அதைக் கேட்டுக்கொண்டேன். அந்த ஏற்பாட்டிலேயே ரகசியம் இல்லாத ஒன்று எதுவோ, அதை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சரி.

மதியம் சாப்பிடும்போது அவளே வந்து சொன்னாள். "வருத்தப்படாதீங்கண்ணே. சாவி வச்சிருக்கவனுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும். நீங்க சொல்றது ஒரு எழுத்து தப்பா இருந்தாக்கூட எல்லாம் போச்சு. பொய் சொல்லாத ஆளு வேணும் அதுக்கு."

"எனக்கு இங்கிலீசு வராதே, பாப்பா."

"ஏ-யில இருந்து எஃப் வரைக்கும் வருமா?"

"வரும்."

"நம்பரு?"

"வரும்."

"அதுக்கு மேல அதுல ஒண்ணுமே இல்லண்ணே. ஆறு எழுத்தும் பத்து நம்பரும்தான்."

எட்டாவது வரை படித்த படிப்பில் ஆறு எழுத்து மட்டும் உதவியது. நாற்பதையும் பத்து நாளில் மனப்பாடம் செய்தேன். சீசனுக்கு ஒரு தடவை ஹாலந்துக்குப் போன் போட்டு நான் சொல்லவேண்டும். அந்தம்மா அங்கே தன் தாளைப் பார்த்துக்கொண்டு, கட்டுக்குக் கட்டு "யெஸ்" என்பார். மூன்றாவது ஆள் என்பதால் என்னை "மிஸ்டர் த்ரீ" என்று கூப்பிட்டார். அது பாய் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து கோரிப்பாளையத்தில் எனக்கு அதுதான் பெயர்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. காலையில் மோடம் கிர்ரென்று கத்திக் கூவும். அந்தச் சத்தம் இன்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது பால்காரன் மணி மாதிரி. கடிதம் வந்தால் திரை முழுக்கக் கோழி கிளறியது போல எழுத்து. முதலாளி பெட்டியைத் திறந்து பிளாப்பியை எடுப்பார். நான் சொல்லாமலே எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். அவர் பாதி அடிப்பார், அவள் பாதி அடிப்பாள். கோழி கிளறியது படமாகிவிடும். பிறகு அச்சு, கவர், மெழுகுவர்த்தி, அரக்கு, மோதிரம். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

பிளாப்பிக்கு இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்று அந்தம்மா சொல்லிவிட்டுத்தான் போனார். முதலாளி கேட்கவில்லை.

"ரெண்டு சாவி இருந்தா பூட்டு எதுக்கு?" என்றார்.

இனி அந்த ஆயுத பூஜை.

ஆபீஸ் முழுக்கக் கழுவி, கருவியெல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தோம். பெரிய கத்தரிக்கோல், துணி அளக்கும் கம்பி, தராசு, தையல் மிஷின், டெலிபோன், கால்குலேட்டர், கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் வேலை. கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தப் பெண் கூடவே நின்று, "கண்ணாடில வேண்டாம்ணே, ஓரத்துல வைங்க" என்று இடம் காட்டினாள். பிறகு சுண்டல் பிரிக்க உள்ளே போய்விட்டாள்.

அப்போது முதலாளி இரும்புப் பெட்டியைத் திறந்தார். பிளாப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். அது வந்த நாளிலிருந்து என் கைக்கு வந்தது அன்றுதான்.

"இதுக்கும் வையி. இப்ப இதுதான் நமக்கு ஆயுதம்."

திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பின்பக்கம் நடுவில் ஒரு சின்ன உலோக வட்டம். ஒரு ரூபாய்க் காசு அளவு. சந்தனத்தைக் குழைத்து அந்த வட்டத்தில் வைத்தேன். அதன் மேல் குங்குமம். நன்றாக இருந்தது. பாய் பொரியை வாயில் போட்டுக்கொண்டு பார்த்தார். சாயப்பட்டறைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி சூடம் காட்டினார்.

பூஜை முடிந்தால் மறுநாள் வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. கதவைச் சாத்திவிட்டுப் போனோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். மோடம் கூவியது. ஹாலந்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பூட்டிய கடிதம். அந்த சீசனின் கலர் முழுவதும் அதில்தான். பட்டறையில் தொட்டி கழுவித் தயாராக இருந்தது. பாய் கப்பலில் இடம் பிடித்து வைத்திருந்தார். இரண்டு நாள் பிந்தினால் கப்பல் போய்விடும்.

முதலாளி பிளாப்பியை எடுத்தார். காய்ந்த சந்தனத்தை அவள் கைக்குட்டையால் துடைத்தாள். நான் வராந்தாவுக்குப் போனேன்.

உள்ளே கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கும் சத்தம் இல்லை. மறுபடி கர்ர். மறுபடி.

"அண்ணே, இங்க வாங்க."

போனேன்.

"பொட்டு எங்க வச்சீங்க?"

"பின்னாடி. நடுவுல."

"அந்த இரும்பு வட்டத்துலயா?"

"ஆமா. பொட்டு வைக்கவே செஞ்ச எடம் மாதிரி இருந்துச்சு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த வட்டத்தைச் சுற்றி இடைவெளி உண்டு. அது வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிட்டது. அவள் மிஷினில் போட்டதும் உள்ளே இருக்கும் தட்டு சுற்றி, சந்தனத்தைத் தன் மேல் முழுக்க இழுத்துவிட்டது.

முதலாளி மேஜையில் கையை ஊன்றி நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாகக் கேட்காததை இன்று கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். அப்புறம் அதையே எனக்குக் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன். அவன் மேல ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார்.

அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் பிளாப்பியைப் பிரித்தே காட்டிவிட்டார். கறுப்புத் தட்டில் வட்ட வட்டமாகச் சிவப்புக் கோடு.

"பொட்டு வச்சீங்க, சரி. பூவும் வச்சிருக்கலாம்ல, சார்?"

முதலாளி சிரிக்கவில்லை. கடைக்காரரும் நிறுத்திக்கொண்டார். ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் சொன்னாள். பழைய பூட்டு இனி யாராலும் திறக்க முடியாத பூட்டு. வந்த கடிதம் போனதுதான். புதுப் பூட்டும் புதுச் சாவியும் செய்யவேண்டும்.

செய்கிற முறை வேடிக்கையாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஒழுங்கே இல்லாத ஒன்று வேண்டுமாம். மௌசைக் கண்டபடி ஆட்டவேண்டும், எழுத்தைக் கண்டபடி அடிக்கவேண்டும். அதிலிருந்துதான் பூட்டு பிறக்கும்.

முதலாளி மௌசைப் பிடித்து, கோலம் போடுவது போல மெதுவாக நகர்த்தினார்.

"அப்படி இல்ல சார். கன்னாபின்னான்னு ஆட்டுங்க."

"எனக்கு இம்புட்டுத்தான் வரும்."

"அண்ணே, நீங்க வாங்க. எதையாச்சும் அடிங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காரு."

அந்தப் பலகையில் நான் கை வைத்தது அன்றுதான் முதல் தடவை. விஜயதசமி அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பார்கள். எனக்கு அப்போது நாற்பது வயது நெருங்கியிருந்தது. பத்து விரலாலும் அடித்தேன். போதும் போதும் என்று அவள் சிரிக்கும் வரை அடித்தேன்.

புதுச் சாவியை மூன்று பிளாப்பியில் எடுத்தாள். முதலாளி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பூட்டின் கைரேகையை ஒரு தாளில் அச்செடுத்து என்னிடம் கொடுத்தாள்.

முதலில் பாய். பூட்டை மெயிலில் அனுப்பிவிட்டு, நான் தாளோடு கோரிப்பாளையம் போனேன். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டித் திரையில் வரவைத்தார். நான் சொன்னேன், அவர் பார்த்தார். கட்டுக்கு ஒரு தடவை "ம்" என்றார். முடிந்ததும் டீ சொன்னார்.

"ஏன் மிஸ்டர் த்ரீ, நேத்து நானும் பக்கத்துலதானப்பா நின்னேன். எனக்கும் தோணலையே."

"யாருக்கும் தோணல பாய்."

"சாவி பிளாப்பிக்கு இன்னொரு காப்பி எடுக்கலையா? நான் ரெண்டு வச்சிருக்கேன். ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்டு பீரோவுல."

"மொதலாளி வேண்டாம்னுட்டாரு."

"உன் மொதலாளி நல்ல மனுசன். சந்தேகந்தான் கொஞ்சம் ஜாஸ்தி." டீயை ஊதிக் குடித்தார். "எனக்குப் பரவால்ல, உன்னை நேர்ல பாக்குறேன். அந்தம்மா என்ன சொல்லும் தெரியுமா? சாவி தொலஞ்சிருச்சு, புதுப் பூட்டு இந்தான்னு வந்து நிக்கிறவன்தான் திருடன்னு சொல்லும்."

"வாரேன் பாய்."

பாய் சொன்னது போலத்தான் ஆயிற்று. நமக்கு மதியம் இரண்டு மணி என்றால் அங்கே காலை. அந்தப் பெண் போன் போட்டாள். ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். சந்தனத்தைச் சொல்லும்போது திக்கினாள். அப்புறம் அந்தம்மா பேசினார். இவள் முகம் சுருங்கியது. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எங்களிடம் சொன்னாள்.

"நம்பமாட்டேங்கிறாங்க சார். திருடனும் இதையேதான் சொல்லுவான், பொண்ணு குரல்ல பேசக்கூட ஆள் கிடைக்கும்ங்கிறாங்க. மிஸ்டர் த்ரீயக் கூப்பிடுங்கறாங்க. அவர் குரல் சரியா இல்லேன்னா இந்த சீசன் வேண்டாமாம்."

முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்தார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே ரிசீவரை வாங்கினேன்.

"ஹலோ மேடம்."

"ப்ளீஸ்" என்றார். அது எனக்குப் புரிந்தது.

இடது கையில் தாள். கண் தாளில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"த்ரீ. ஏ. நைன். எஃப்."

அந்தப் பெண்ணின் கண் பெரிதாகிவிட்டதாம். நான் கவனிக்கவில்லை. அடுத்த கட்டையும் சொல்லிவிட்டேன். மூன்றாவதை எடுக்கும்போதுதான் தாளில் இருப்பது வேறு, நான் சொல்வது வேறு என்று உறைத்தது. ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, வாய் தானாகப் பழையதற்குப் போய்விட்டது.

நிறுத்தினேன். முதலாளி என்னைப் பார்த்தார். தப்பாகச் சொன்னேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மறைக்கத் தெரிந்திருந்தால்கூட மறைக்க ஆங்கிலம் போதாது.

"சாரி மேடம். திஸ் ஓல்டு. மை மிஸ்டேக்கு. நியூ சொல்றேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரிய சிரிப்பு. "யெஸ், யெஸ், மிஸ்டர் த்ரீ" என்றார். அப்புறம் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். திருடனாக இருந்தால் புதுசை மட்டும் சுத்தமாகச் சொல்லியிருப்பான். பழசுக்கு வாய் போகிறவன் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியவனாகத்தான் இருக்கவேண்டும்.

தாளை மேஜையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் வைத்துச் சொன்னேன். கட்டு முடிய ஒரு "யெஸ்". பத்து யெஸ் வந்தது. ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒரு மணி நேரத்தில் கடிதம் மறுபடி வந்தது. புதுப் பூட்டுப் போட்டு வந்தது. முதலாளி பெட்டியைத் திறந்து புது பிளாப்பியை எடுத்தார். நான் எழுந்தேன்.

"எங்க போற? இரு."

இருந்தேன். அவர் தன் பாதியை அடித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். அது என் பழக்கம். அவள் தன் பாதியை அடித்தாள். கோழி கிளறியது கலைந்து கலராக விரிந்தது. மாம்பழ மஞ்சள், அடர் சிவப்பு, ஒரு பச்சை. நான் அதைத் திரையில் பார்த்தது அன்றுதான்.

அதெல்லாம் போய் இருபது வருஷம் ஆகப்போகிறது. அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. அந்தப் பெண் கல்யாணமாகிச் சேலம் போய்விட்டாள். பாய் இல்லை. என் பேத்தி போனில் எழுதுவதெல்லாம் தானாகப் பூட்டிக்கொண்டுதான் போகிறதாம். யாரும் யாருக்கும் கைரேகை சொல்ல வேண்டியதில்லை. பழைய கைரேகை நாற்பதும் எனக்கு இன்னும் தெரியும். யாராலும் திறக்க முடியாத பூட்டினுடையது. பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நேரம் சொல்லிப் பார்ப்பேன். புதியது அவ்வளவாக ஒட்டவில்லை.

அன்று பதினொரு தாளும் அச்செடுத்து முடிய நாலு மணி. முதலாளி தாள்களைத் தட்டிச் சேர்த்துக் கவரில் போட்டார். மேஜை டிராயரைத் திறந்தார். அரக்கும் மெழுகுவர்த்தியும் அதில்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார். டிராயரைச் சாத்தினார். கவரின் மேல் ஒன்றும் எழுதாமல் என்னிடம் நீட்டினார்.

"பட்டறையில குடுத்துட்டு வந்துரு."

"சரி மொதலாளி."

"வழியில டீ கீ குடிச்சிக்க."

வில்லாபுரத்தில் வண்டியை நிறுத்தினேன். டீ குடித்தேன். கவர் மடியில் இருந்தது. அதன் வாய் திறந்திருந்தது. உள்ளே பார்க்கவில்லை.

பட்டறையில் தொட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சாயப்பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கவரை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, சீலக் காணோம்?"

"வைக்கல."

"எத்தனைன்னு போடலையே. போன்ல நான் என்ன சொல்ல?"

"போன் வேண்டாம்ணே."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கவரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நீயே எண்ணிக் குடு."

விரலில் எச்சில் தொடாமல், ஒவ்வொரு தாளாக அவர் கையில் வைத்தேன்.

பதினொன்று.